கரம்பை அள்ளும் முன்: மதுரைக் கண்மாய்களின் ஊடே ஒரு பயணம்

திங்கள், அரிட்டாபட்டி

மதுரைக் கண்மாய்களின் அடிமண்ணில் ஈயம், காட்மியம், குரோமியம், செம்பு, நிக்கல், துத்தநாகம் எவ்வளவு சேர்ந்து கிடக்கிறது என்று பார்க்கக் கிளம்பியிருக்கிறோம். ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன், ஒரு பழைய ஜீப், நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பிளாஸ்டிக் டப்பாக்கள், ஐஸ் பெட்டி. மாசுபட்ட கண்மாயில் இருந்துதான் தொடங்குவோம் என்று தம்பி நினைத்திருந்தான். நான் வண்டியை மேலூர்ப் பக்கம் விடச் சொன்னேன்.

காரணம் இதுதான். உலோகம் இல்லாத மண் என்று உலகில் எதுவும் கிடையாது. பாறை சிதைந்துதான் மண்ணாகிறது. பாறையில் இருந்த உலோகமெல்லாம் மண்ணிலும் இருக்கும். ஒரு கண்மாயின் வண்டலில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் ஈயம் என்று கண்டுபிடித்துவிட்டால் மட்டும் அது மாசு ஆகிவிடாது. அதில் மண்ணின் சொந்தப் பங்கு எவ்வளவு, மனிதர் கொண்டுவந்து சேர்த்தது எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். உலகெங்கும் பலர் இதற்கு 1961-ல் டுரேக்கியன், வெடபோல் என்ற புவிவேதியியலாளர் இருவரும் வெளியிட்ட களிப்பாறை சராசரியை எடுத்துக்கொள்கிறார்கள்: கிலோவுக்கு ஈயம் 20 மி.கி., செம்பு 45, நிக்கல் 68, குரோமியம் 90, துத்தநாகம் 95, காட்மியம் 0.3. வசதியான அட்டவணை. ஆனால் மதுரையின் அடியில் இருப்பது களிப்பாறை இல்லை. சார்னோகைட், கிரானைட், நைஸ் என்று கடும்பாறைகள். இந்த ஊர் மண்ணை இந்த ஊர் மண்ணோடுதான் ஒப்பிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அதனால்தான் அரிட்டாபட்டி. மழைநீர் மலையில் இருந்து நேராக இறங்கி வருகிறது. நடுவில் நகரம் இல்லை, சாக்கடை இல்லை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். தமிழிக் கல்வெட்டும் சமணர் படுக்கையும் குடைவரைச் சிவன் கோயிலும் ஒரே மலைத்தொடரில் இருக்கின்றன. இதே வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு 2024 நவம்பரில் ஏலம் முடிந்து, ஊர்கள் திரண்டு எதிர்த்து, 2025 ஜனவரியில் அது ரத்தானதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். டங்ஸ்டன் இருக்கும் பாறை என்றால் அதோடு வேறு உலோகங்களும் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. எனவே பின்புல அளவுக்கு, அதாவது மண்ணில் இயல்பாகவே இருக்கும் உலோக அளவுக்கு, இந்த ஓர் ஊரை மட்டும் நம்பாமல், அழகர்மலை அடிவாரத்திலும் நாகமலைப் பக்கமும் மண் எடுத்துச் சேர்த்துக்கொள்கிறோம்.

ஆனைகொண்டான் கண்மாயில் தண்ணீர் பாதிக்கு மேல் வற்றியிருந்தது. ஈரம் இருந்த இடமாகப் பார்த்து பிளாஸ்டிக் கரண்டியால் மேல்மண்ணை அள்ளினோம். இரும்புக் கரண்டி ஆகாது. நாம் தேடுவதே உலோகம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆத்தா பக்கத்தில் வந்து நின்றார்.

"எதுக்குத் தாயி மண்ண டப்பாவுல அடைக்கிற? மறுபடியும் எவனும் தோண்ட வாரானா?"

இல்லை ஆத்தா, மதுரைக்குள்ள இருக்கற கண்மாய் மண்ணு கெட்டுப்போச்சானு பாக்கணும், அதுக்கு நல்ல மண்ணு ஒண்ணு வேணும், அதான் உங்க ஊருக்கு வந்தேன் என்றேன். அவர் முகம் தெளிந்தது. "அப்பச் சரி. அந்தா, மடைக்குக் கிட்டக்க எடு. அங்கதான் வண்டல் நல்லாப் படிஞ்சிருக்கும்." அவர் சொன்னது அறிவியல்படியும் சரி. நுண்ணிய களி அமைதியாகப் படிகிற இடம் அது. உலோகம் ஒட்டிக்கொள்வதும் அந்த நுண்ணிய துகளில்தான். மணலில் அவ்வளவாக ஒட்டாது.

செவ்வாய், மாடக்குளம்

பாண்டியர் கல்வெட்டுகள் 'மாடக்குளக்கீழ் மதுரை' என்று ஊரைக் குறிக்கின்றன. குளத்தை வைத்து நகரத்துக்கு அடையாளம் சொன்ன காலம். இன்றைக்கு பழங்காநத்தம், பொன்மேனிப் பக்கம் இருந்து பார்த்தால் வீடுகள் கரையைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. வைகையில் இருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. வீடுகளின் கழிவுநீரும் ஓரங்களில் வந்து கலக்கிறது.

மண் எடுப்பதைச் சுருக்கமாக முடித்துவிட்டோம். அன்றைய பொழுது கரையில் நடந்த பேச்சிலேயே போனது. தெற்கே ஒரு கிராமத்தில் இருந்து சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வந்திருந்த விவசாயி ஒருவர், எங்கள் டப்பாக்களைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் ஊர்க் கண்மாயில் கரம்பை, அதாவது அடியில் படிந்த வண்டல், அள்ள அனுமதி கேட்டு எழுதிப் போட்டிருக்கிறாராம். "ரெண்டு ஏக்கருக்கும் அடிச்சுவிட்டா ரெண்டு மூணு வருசத்துக்கு உரமே வேணாம் தாயி. எங்க ஐயா காலத்துல மாட்டு வண்டியில அள்ளுவோம்."

கரம்பையின் அருமை எனக்கும் தெரியும். களித்தன்மை நிலத்தில் ஈரத்தைப் பிடித்து வைக்கும், கரிமச்சத்து சேர்க்கும், கண்மாயும் ஆழமாகும். இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்த நிபுணரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2017-ல் தமிழ்நாடு அரசு இலவசமாக வண்டல் எடுக்க வழிசெய்தபோது நஞ்சை ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 கனமீட்டர் என்று அளவு வைத்தார்கள். மண்பாண்டம் செய்பவர்களுக்கு 60.

ஆனால் அவருடைய கண்மாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "முன்ன மழைத்தண்ணி. இப்ப டவுன் தண்ணிதான்." டவுன் தண்ணி என்றால் நகரச் சாக்கடை. அந்தப் பதில் என்னை உட்காரவைத்துவிட்டது. டைரியைப் பிரித்து அவருக்கு முன்னாலேயே கணக்குப் போட்டேன்.

காய்ந்த வண்டல் கனமீட்டருக்கு ஒரு டன் என்று குறைத்தே வைப்போம். புஞ்சை ஏக்கருக்கு 90 டன். அதில் கிலோவுக்கு 80 மி.கி. ஈயம் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு 7.2 கிலோ ஈயம் போய்ச் சேரும். நகரக் குப்பை உரத்துக்கு இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணை வரம்பு வைத்திருக்கிறது: கிலோவுக்கு ஈயம் 100 மி.கி., காட்மியம் 5, குரோமியம் 50, நிக்கல் 50, பாதரசம் 0.15. நம் 80 மி.கி. வண்டல் அந்த ஈய வரம்புக்குள்ளேதான் நிற்கிறது. ஆனால் குப்பை உரத்தை யாரும் ஏக்கருக்கு 90 டன் போடுவதில்லை. செறிவை மட்டும் பார்த்து நல்லது என்று சொல்லிவிட முடியாது. எத்தனை டிராக்டர் இறங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அவரைப் பயமுறுத்தவும் எனக்கு மனமில்லை. உழவு ஆழ மண்ணோடு கலந்தால் ஒருமுறைக்குக் கிலோவுக்கு ஆறேழு மி.கி. அளவில்தான் கூடும் என்பதையும் சொன்னேன். ஆனால் ஈயம் மட்கிப் போகாது, ஆவியாகாது. அடுத்த முறை அடிக்கும் வண்டல் அதன் மேல்தான் சேரும். "அப்ப வேணாங்குறியா?" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை, அள்ளுவதற்கு முன்னால் அந்த மண்ணைப் பார்க்க வேண்டும் என்கிறேன் ஐயா என்றேன். அவர் கண்மாயையும் எங்கள் பட்டியலில் சேர்த்தாயிற்று.

புதன், வண்டியூர்

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்களுக்கு இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு பக்கத்திலேயே கிடப்பது தெரியுமா என்று எனக்கு எப்போதும் சந்தேகம். கோமதிபுரம், கே.கே. நகர் என்று சுற்றிலும் வீடுகள். ஆகாயத்தாமரை ஒரு பக்கம் மெத்தை மாதிரி படர்ந்திருந்தது.

மீன் பிடிக்கும் அண்ணன் ஒருவர் தெர்மாகோல் தெப்பத்தில் எங்களை நடுப்பகுதிக்குக் கூட்டிப்போனார். எக்மன் பெட்டியைக் கயிற்றில் இறக்கினோம். அடியில் போய் உட்கார்ந்ததும் கயிறு வழியாக எடையை விட்டால், இரு தாடையும் மூடி மேல்மண்ணைக் கவ்விக்கொண்டு வரும். வந்த சேறு கன்னங்கரேலென்று இருந்தது. அழுகிய முட்டை வாடை. தம்பி மூக்கைப் பொத்தினான். அந்தக் கறுப்பு இரும்பு சல்பைடு. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகின்றன. ஈயம், காட்மியம், செம்பு, துத்தநாகம் எல்லாம் அந்தச் சல்பைடோடு சேர்ந்து கெட்டியாகி அடியிலேயே தங்கிவிடுகின்றன. ரெடாக்ஸ் மீட்டர் மைனஸில் நின்றது, சேற்றில் ஆக்சிஜன் இல்லை என்பதற்கு அடையாளம்.

இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். மேலே தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதித்தால் ஈயம் அளவிட முடியாத அளவுக்குக் குறைவாக இருக்கலாம், 'கண்மாய் சுத்தம்' என்று ரிப்போர்ட்டும் வரலாம். உலோகம் தண்ணீரில் மிதந்துகொண்டு நிற்பதில்லை. மழையில் ரோட்டில் இருந்து வழிந்து வரும் தண்ணீரில் டயர் தேய்மானத்தின் துத்தநாகம், பிரேக் தேய்மானத்தின் செம்பு இருக்கும். ஒர்க்‌ஷாப், முலாம் பூசும் பட்டறை, சாயத் தண்ணீர், உடைத்துப் போட்ட பேட்டரி என்று ஒவ்வொன்றும் தன் பங்கைத் தரும். வந்ததெல்லாம் களித்துகளில் ஒட்டி ஒருசில நாளில் அடியில் போய்ப் படுத்துவிடும். வருஷக்கணக்காக வந்துசேர்ந்ததை அடிமண்தான் வைத்திருக்கிறது.

பெட்டி எடுப்பது மேல்படிவத்தை மட்டும். கீழே போகப் பிவிசி குழாயைச் செங்குத்தாக இறக்கி, மேல் வாயை அடைத்து உருவினோம். மண் தூண் முழுசாக வந்தது. இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு துண்டாக நறுக்கித் தனித்தனி டப்பாவில் போட்டோம். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை 2000-ல் நின்றது. கலையாத ஏரிப் படிவத்தில் அதற்கு முந்தைய காலத்தின் அடுக்கில் ஈயம் உயர்ந்து, பிறகு இறங்குவதைப் பார்க்க முடியும். ஈயம்-210 என்ற கதிரியக்க ஐசோடோப்பின் அரையாயுள் ஏறத்தாழ 22 ஆண்டு. அதை வைத்து ஒவ்வோர் அடுக்கின் வயதையும் கணிப்பார்கள். நம் கண்மாய்களில் இது அத்தனை சுலபமில்லை. தூர்வாரியிருப்பார்கள், வறண்ட வருஷத்தில் மாடு மிதித்திருக்கும், அடுக்கு குலைந்திருக்கும். எனவே தூர்வாரிய பகுதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைத் தவிர்த்து எடுத்தோம். அதைச் சொன்னது அந்த மீனவ அண்ணன்தான். எந்த வருஷம் எந்த மூலையில் ஜேசிபி இறங்கியது என்று அவருக்கு மனப்பாடம். தெப்பத்தில் அவர் இல்லாமல் இந்த வேலை நடந்திருக்காது.

"இந்த மீனத் திங்கலாமாக்கா? நானே விக்கிறேன், நானே கேக்குறேன்" என்றார் திரும்பும்போது. அவர் அப்படிக் கேட்டது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. தெரிந்ததைச் சொன்னேன். ஈயமும் காட்மியமும் மீனின் செவுள், ஈரல், சிறுநீரகம், எலும்பில்தான் அதிகம் சேரும், சதையில் குறைவு. செவுளையும் குடலையும் நீக்குவது நம் வழக்கம்தான், அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பாதரசம் மட்டும் வேறு. அது மெத்தில் பாதரசமாகிச் சதையிலேயே உட்காரும். சோதித்துப் பார்க்கக் கெளுத்தி, விரால் இரண்டும் எங்களுக்கு வேண்டும் என்றேன். காசு வாங்க மாட்டேன் என்று நின்றார், கொடுத்துவிட்டுத்தான் வந்தோம்.

வியாழன், கிருதுமால் வழியாக

கிருதுமால் ஒரு நதி. நாகமலைப் பக்கம் இருந்து புறப்பட்டு, மதுரைக்குள் நுழைந்து, தெற்கே இறங்கி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டக் கண்மாய்கள் வரை பாசனம் தந்த நதி. நகருக்குள் பலர் அதைச் சாக்கடை என்றுதான் அறிந்திருக்கிறார்கள். பாலம் பாலமாக இறங்கி நின்று, அவனியாபுரத்தைத் தாண்டி, விமான நிலையத்துக்குப் பக்கத்து அயன்பாப்பாக்குடி கண்மாய் வரை மண் எடுத்தோம். மறுகாலில் வெள்ளை நுரை பொங்கிச் சாலைக்கு வந்து செய்தியான கண்மாய் அது. நுரையை எல்லாரும் படம் எடுக்கிறார்கள். அது பெரும்பாலும் சோப்புத்தூள் வகையறா, காற்றடித்தால் கலைந்துவிடும். எனக்குக் கவலை நுரைக்குக் கீழே.

கரையோரம் தண்ணீர் வற்றி, சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது. நடுவில் கறுப்பாக இருக்கும் அதே சேறு ஓரத்தில் செம்பழுப்பாக மாறியிருந்தது. இந்த நிறமாற்றத்துக்காகவே இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றேன். சேறு காய்ந்து காற்றுப் படும்போது சல்பைடு ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அது பிடித்து வைத்திருந்த காட்மியமும் துத்தநாகமும் அவிழ்கின்றன. ஒரு பகுதியை இரும்பு ஆக்சைடு திரும்பப் பிடித்துக்கொள்ளும்; மிச்சம் அடுத்த மழையில் கரைந்து மடை வழியாக வயலுக்குப் போகும். குளிர்நாட்டு ஏரிகளின் அடிமண் ஆண்டு முழுதும் தண்ணீருக்குள் கிடக்கிறது. நம் கண்மாய் வருஷா வருஷம் நிறைந்து, வற்றி, வெடித்து, மறுபடி நிறைகிறது. அங்கே எழுதிய அளவுகோலை அப்படியே இங்கே வைத்தால் இந்த அவிழ்ப்பு கணக்கில் வராமலே போகும். நம் ஊர் ஆய்வுகள் ஓரச் சேற்றையும் நடுச் சேற்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நெல்லுக்கும் இதே கதை உண்டு. வயலில் தண்ணீர் நிற்கும்வரை காட்மியம் சல்பைடாக அடங்கியிருக்கும். அறுப்புக்கு முன் தண்ணீரை வடித்ததும் அவிழ்ந்து வேர் வழியாக மணிக்கு ஏறும். ஆர்செனிக்குக்கு நேர் எதிர்: தண்ணீர் நிற்கும்போதுதான் கரையும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் படுகையில் சுரங்கக் கழிவின் காட்மியம் பாசன நீரோடு வயலுக்குப் போய், அரிசி வழியே உடம்புக்குள் ஏறி, எலும்பு நொறுங்கும் நோயாக வந்தது. இத்தாய்-இத்தாய் என்று பெயர். அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் பிள்ளை பெற்ற, வயதான பெண்கள். அதை மாசினால் வந்த நோய் என்று அந்நாட்டு அரசு 1968-ல் ஏற்றது. மதுரையை அதோடு சமமாக வைக்கவில்லை. அங்கே சுரங்கம், இங்கே நகரச் சாக்கடை. ஆனால் ஆற்றில் இருந்து வயலுக்கு, வயலில் இருந்து தட்டுக்கு என்ற வழி ஒன்றேதான்.

வெள்ளி, ஆய்வகம்

மண் 40 டிகிரி அடுப்பில் காய்கிறது. அதற்கு மேல் சூடேற்றினால் பாதரசம் ஆவியாகிவிடும். காய்ந்ததை அகேட் கல் உரலில் பொடித்து, 63 மைக்ரோமீட்டர் சல்லடையில் சலித்து, ராஜ திராவகத்தில் கரைத்து, உலோக அளவைக் காட்டும் ஐசிபி கருவிக்குக் கொடுக்க வேண்டும். ராஜ திராவகம் என்பது மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு பங்கு நைட்ரிக் அமிலம். இது சிலிக்கேட் படிகத்துக்குள் அடைபட்டதை முழுதாகக் கரைக்காது. மனிதர் சேர்த்த உலோகம் பெரும்பாலும் துகளின் மேற்பரப்பில் இருப்பதால் அது குறையாகாது. உலோக அளவு முன்பே சான்றளிக்கப்பட்ட மண் ஒன்றையும் ஒவ்வொரு தொகுப்பிலும் சேர்த்து ஓட்டுகிறோம். அதன் எண் சரியாக வந்தால்தான் மற்றதை நம்புவேன்.

எண் வந்தபின் மாசு எவ்வளவு என்று சொல்ல முல்லர் 1969-ல் தந்த குறியீடு இருக்கிறது. அளந்த செறிவை, பின்புல அளவின் ஒன்றரை மடங்கால் வகுத்து, இரண்டின் அடிப்படையில் மடக்கை எடுக்க வேண்டும். ஈயம் 80 என்று வைப்போம். பின்புலம் 20 என்றால் விடை 1.4, 'மிதமான மாசு'. பின்புலம் 35 என்றால் 0.6, ஒரு படி கீழே இறங்கிவிடும். மண் அதேதான், ஒப்பிட எடுத்த எண் மாறியதும் தீர்ப்பு மாறிவிட்டது. திங்கட்கிழமை அரிட்டாபட்டி வரை போனது இதற்காகத்தான்.

ஸ்வீடன் ஏரிகளை வைத்து ஹாகன்சன் 1980-ல் உருவாக்கிய சூழல் அபாயக் குறியீடு இன்னொன்று. அவர் உலோகத்துக்கு உலோகம் நச்சு எடை கொடுத்தார்: பாதரசம் 40, காட்மியம் 30, ஆர்செனிக் 10, ஈயமும் செம்பும் 5, குரோமியம் 2, துத்தநாகம் 1. இரண்டும் ஒரே மடங்கு கூடினாலும், துத்தநாகத்தைவிடக் காட்மியத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்பது இதில் தெரியும். ஆனால் இந்த இரண்டும் மொத்த அளவை வைத்துப் பேசுபவை. பயிர் எடுத்துக்கொள்ளக்கூடியது எவ்வளவு என்று தெரிய, டெசியர் 1979-ல் சொன்னபடி ஒரே மண்ணைப் படிப்படியாகக் கரைக்க வேண்டும்: முதலில் லேசாக ஒட்டியது, பிறகு கார்பனேட்டோடு இருப்பது, இரும்பு-மாங்கனீசு ஆக்சைடோடு இருப்பது, கரிமத்தோடும் சல்பைடோடும் இருப்பது, கடைசியில் படிகத்துக்குள் இருப்பது. முதல் இரண்டு படியில் நிறைய வந்தால் அந்தக் கரம்பை வயலுக்கு ஆகாது. கடைசிப் படியில்தான் பெரும்பங்கு என்றால், மொத்த எண் பெரிதாக இருந்தாலும் அவ்வளவு கவலை இல்லை. வேலை அதிகம், நாள் பிடிக்கும். செய்கிறோம்.

மதியம் மாடக்குளத்தில் பார்த்த ஐயா போன் செய்தார். அனுமதி வந்துவிட்டதாம், டிராக்டருக்குச் சொல்லிவிடட்டுமா என்றார். ஒரு மாதம் பொறுக்கச் சொன்னேன். "மழை வந்துருமே தாயி." அவர் அவசரம் நியாயமானது, கோடை மழைக்கு முன் அடித்தால்தான் உழவுக்கு ஆகும். அதனால் அவர் கண்மாய் மண்ணை வரிசையில் முன்னால் கொண்டுவந்துவிட்டோம். டவுன் தண்ணி விழும் வாயில் ஒன்று, நடுவில் ஒன்று, மடையருகே ஒன்று, மழைத்தண்ணி வரும் பழைய வரத்துக்கால் பக்கம் ஒன்று என்று நான்கு இடத்தில், மேலாப்பில் ஒரு சாண் ஆழத்துக்குள், பிளாஸ்டிக் மக்கால் அள்ளி, தனித்தனிப் பையில் கட்டி, எது எந்த இடம் என்று எழுதி வைக்கச் சொன்னேன். கூடவே அவர் வயல் மண்ணும் ஒரு பை. நாளைக் காலை பஸ்ஸில் மகன் கையில் கொடுத்துவிடுகிறேன் என்றார். வரத்துக்கால் பக்கத்து மண் நன்றாக இருந்தால் அங்கே மட்டும் அள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.